பேட்டரி சாகவில்லை, பசி!

போன இதழில் டிராக்டர் பேட்டரியைப் பற்றி நாலு வரி எழுதினாலும் எழுதினேன், காவிரிக்கரையிலிருந்து கடிதமாக வந்து விழுகிறது. எல்லாமே படகு. தர்மபுரியில் முப்பது வருஷமாக லாரிக்கும் டிராக்டருக்கும் வயரிங் செய்கிறவன் நான். படகுப் பக்கம் போனது தற்செயல். ஒரு மழை நாளில் ஏரியூர் பக்கத்திலிருந்து ஒருவர் மொபெட்டில் பேட்டரியைக் கட்டி எடுத்து வந்து, "செத்துப் போச்சுங்க, வேற ஒண்ணு குடுங்க" என்றார். மீட்டர் வைத்துப் பார்த்தேன். சாகவில்லை, பசி. சார்ஜ் ஏற்றி இரண்டு நாள் வைத்திருந்து திருப்பிக் கொடுத்தேன். அதே பேட்டரி அதன்பிறகு இரண்டு வருஷம் ஓடியது. கடைக்காரனுக்கு இது நஷ்டக் கணக்குதான். ஆனால் அன்றிலிருந்து மேட்டூர் பின்தண்ணீர்ப் படகுகளுக்கெல்லாம் நான் வைத்தியன் ஆகிவிட்டேன். இந்த இதழ் முழுக்க அவர்களுக்குத்தான்.

*

ஐயா, நாகமரைக்கும் பண்ணவாடிக்கும் நடுவில் ஆள், பைக் ஏற்றிப் படகு ஓட்டுகிறேன். டீசல் இன்ஜின் பின்பக்கம் இருக்கிறது. பைக் ஏற்றினால் படகு பின்னால் குந்துகிறதென்று பேட்டரியை முன் மூக்குக்கு மாற்றினோம். டைனமோவிலிருந்து பேட்டரிக்கு வீடு கட்டும்போது மீந்த 2.5 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) வயரை, போக ஒன்று வர ஒன்று, இழுத்திருக்கிறோம். இன்ஜினை ஸ்டார்ட் செய்யும் செல்ஃப் மோட்டாருக்கு 16 ஸ்கொயர். வயர் போகும் தூரம் 20 அடி. இரண்டு வருஷத்தில் மூன்று பேட்டரி போய்விட்டது. கம்பெனியும் மாற்றிப் பார்த்துவிட்டோம். டைனமோ நன்றாக இருப்பதாக மெக்கானிக் சொல்கிறார்.
— படகுக்காரர், நாகமரை

அண்ணே, கம்பெனியை விடுங்கள். மெக்கானிக் சொன்னதும் உண்மைதான். டைனமோ நன்றாகச் சமைக்கிறது. சாப்பாடு மூக்கு வரைக்கும் வந்து சேரவில்லை.

கணக்கைப் பாருங்கள். 20 அடி என்றால் 6 மீட்டர். போக வர 12 மீட்டர் வயர். 2.5 ஸ்கொயர் செம்பில் அந்த நீளத்துக்கு 0.084 ஓம் தடை வரும். பார்த்தால் ஒன்றுமே இல்லாதது போலத்தான் இருக்கும். அதில் 10 ஆம்பியர் ஓடினால் 0.84 வோல்ட் வழியிலேயே கரைந்துவிடும். டைனமோ 14.2 கொடுத்தால் பேட்டரி வாசலில் 13.4-க்குள்தான் இருக்கும். 12 வோல்ட் பேட்டரி வயிறு நிறைய 14-க்கு மேல் வேண்டும். 13.4-ல் வைத்தால் ஏறும், ஆனால் ஆமை வேகத்தில் ஏறும். நீங்கள் அக்கரை போய்ச் சேருவதற்குள் ஏறி முடியாது.

"பேட்டரி நிறைய நிறைய ஆம்பியர் குறையுமே, அப்போது வயரில் இழப்பும் குறையுமே?" என்று விஷயம் தெரிந்தவர்கள் கேட்பார்கள். சரியான கேள்வி. ஆனால் நீங்கள் விளக்கு, ஹாரன், பாட்டுப் பெட்டி எல்லாவற்றையும் எங்கிருந்து எடுத்திருப்பீர்கள்? மூக்கிலிருக்கும் பேட்டரி டெர்மினலிலிருந்துதான். எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள். அதனால் பேட்டரி நிறைந்தாலும் நிறையாவிட்டாலும் அந்த மெல்லிய வயரில் ஏழெட்டு ஆம்பியர் ஓடிக்கொண்டே இருக்கும், இழப்பும் இருந்துகொண்டே இருக்கும். அரை வயிற்றோடு மாசக்கணக்கில் கிடக்கும் பேட்டரியின் தகட்டில் சல்பேட் படிந்து இறுகிவிடும். பிறகு எந்தக் கொம்பன் சார்ஜரும் அதைக் கரைக்க முடியாது. மூன்று பேட்டரியும் போனது இப்படித்தான்.

உங்கள் ஊர்க்காரர்கள் இன்னொரு காரணம் சொல்வார்கள்: "அடிக்கடி ஸ்டார்ட் பண்றோம்ல, அதான்." அது இல்லை. செல்ஃப் மோட்டார் 150 ஆம்பியர் இழுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நாலு வினாடி சுற்றினால் செலவு 0.17 ஏ.எச். (ஆம்பியர் அவர்). 5 ஆம்பியர் சார்ஜ் வந்தால் இரண்டே நிமிஷத்தில் திரும்பி வந்துவிடும். திருடன் செல்ஃப் மோட்டார் இல்லை. இன்ஜினை அணைத்துவிட்டு ஆள் சேரும்வரை கரையில் அரை மணி நேரம் பாட்டுப் போடுகிறீர்களே, அதுதான்.

செல்ஃப் பக்கம் இன்னொரு கஷ்டம் இருக்கிறது. 12 மீட்டர் 16 ஸ்கொயரில் 150 ஆம்பியர் ஓடினால் 2 வோல்ட் போய்விடும். காலையில் முதல் ஸ்டார்ட்டுக்கு 'கிர்...ர்...' என்று இழுத்து நிற்குமே, அது இதனால்தான்.

இப்போது வைத்தியம். பேட்டரியை நடுப்பக்கம் கொண்டு வாருங்கள். இன்ஜினுக்கு முன்னால் ஆறேழு அடியில், குறுக்குப் பலகைக்கு அடியில் வையுங்கள். 'படகு குந்துமே' என்ற கவலை வேண்டாம். 22 கிலோ பேட்டரியை 20 அடி முன்னால் தள்ளியதில் என்ன சமன் கிடைத்ததோ, 110 கிலோ பைக்கை நாலு அடி முன்னால் நிறுத்தினால் அதே சமன் கிடைக்கும். பைக் ஏற்றும் பையனிடம் சொன்னால் காசில்லாமல் முடிகிற வேலை.

அந்த 2.5 ஸ்கொயர் வயரைப் பிடுங்கி வீட்டுக்கு எடுத்துப் போங்கள், ஃபேனுக்கு ஆகும். பேட்டரியிலிருந்து செல்ஃப் மோட்டாருக்கு 35 ஸ்கொயர் கேபிள் போடுங்கள், பாசிட்டிவ் ஒன்று, இன்ஜின் பிளாக்குக்கு எர்த் (நெகட்டிவ்) ஒன்று. டைனமோ அவுட்புட்டை ஒரு குட்டை வயரால், 10 ஸ்கொயர் போதும், செல்ஃப் மோட்டாரின் பெரிய போல்ட்டில், அதாவது பேட்டரி கேபிள் வந்து உட்காரும் அதே போல்ட்டில், கட்டுங்கள். லாரியில் அப்படித்தான் இருக்கும், குனிந்து பாருங்கள். அந்தத் தடிமனான கேபிளே சார்ஜ் வயராகவும் வேலை செய்யும். 10 ஆம்பியருக்கு அதில் 0.02 வோல்ட் அளவுக்குத்தான் இழக்கும்.

முடிந்ததும் ஒரு சோதனை. இன்ஜினை ஓடவிட்டு விளக்கெல்லாம் போடுங்கள். மல்ட்டிமீட்டரை டி.சி. வோல்ட்டில் வைத்து ஒரு முனையை டைனமோ போல்ட்டிலும் இன்னொன்றை பேட்டரி பாசிட்டிவிலும் வையுங்கள். 0.2-க்குள் வந்தால் நல்லது. அதேபோல டைனமோ உடம்புக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் பாருங்கள். பாதிப் பேர் பாசிட்டிவோடு நிறுத்திவிடுகிறார்கள், நோய் எர்த் பக்கம் சிரித்துக்கொண்டிருக்கும்.

பேட்டரியை வெறும் கயிற்றால் கட்டாதீர்கள். பெட்டிக்குள் வைத்து பெல்ட் போட்டு இறுக்குங்கள். படகு கட்டுவதற்கு அமெரிக்காவில் வைத்திருக்கும் நெறிமுறைப்படி, பேட்டரி எந்தப் பக்கம் இழுத்தாலும் ஒரு அங்குலத்துக்கு மேல் நகரக்கூடாது. நமக்கும் அது பொருந்தும். தண்ணீர் இறங்கி, மூழ்கிக் கிடக்கும் பண்ணவாடி கோயில் நந்தி சிலை வெளியே தெரிகிற காலத்தில் நீங்கள் படகைக் கட்டும் கரை எவ்வளவு சரிவு என்று எனக்குத் தெரியும். அந்தச் சரிவில் நழுவிய பேட்டரி ஒன்று இன்ஜின் மேல் சாய்ந்து, டெர்மினல் உரசி, ஸ்பேனர் தடிமன் இரும்பை உருக்கி வைத்திருந்ததைப் பார்த்திருக்கிறேன். இரண்டு டெர்மினலுக்கும் பழைய சைக்கிள் டியூபை வெட்டித் தொப்பி போடுங்கள்.

*

இரும்புப் படகு. லாரியில் மாதிரி பாடி எர்த் கொடுத்து, அதாவது படகு உடம்பையே திரும்பும் வயராக வைத்து, விளக்கு, தண்ணீர் இறைக்கும் பம்ப் எல்லாவற்றுக்கும் ஒரே வயர் போட்டிருக்கிறோம். வயர் மிச்சம். ஆனால் அடித்தகடு சில இடத்தில் அரித்துக் குழியாகிறது. துரு என்கிறார்கள். துருவா, கரண்டா?
— வாசகர், ஓட்டனூர்

இரண்டும் இருக்கலாம். பம்ப் இருக்கும் இடத்துக்குப் பக்கத்தில்தான் குழி அதிகம் என்றால் கரண்ட் மேல்தான் என் சந்தேகம்.

லாரி காற்றில் நிற்கிறது, படகு தண்ணீரில் நிற்கிறது. அந்த ஒரு வித்தியாசம் போதும். படகின் அடியில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் தேங்கும். பம்ப்பின் பாசிட்டிவ் வயரில் தோல் உரிந்த இடமோ, இன்சுலேஷன் டேப் சுற்றிய முடிச்சோ அந்தத் தண்ணீரில் கிடந்தால், கரண்ட் அங்கிருந்து தண்ணீர் வழியாகக் கசியும். அது எந்த உலோகத்தை விட்டு வெளியேறுகிறதோ அந்த உலோகம் கரையும். சாதாரணத் துரு வருஷக்கணக்கில் செய்கிற வேலையை இது மாதக்கணக்கில் செய்துவிடும். காவிரி நல்ல தண்ணீர், கடல் அளவுக்குக் கரண்டைக் கடத்தாது. அதனால்தான் உங்கள் படகு இன்னும் மிதக்கிறது. கடலில் இந்த வயரிங் செய்திருந்தால் கடிதம் எழுத நேரம் இருந்திருக்காது.

இன்ஜின் இரும்பில் போல்ட் போட்டு நிற்பதால் படகு உடம்புக்கு எர்த் தொடர்பு இருக்கத்தான் செய்யும், அதைத் தவிர்க்க முடியாது. ஆனால் ஓடுகிற கரண்ட் படகு உடம்பு வழியாகத் திரும்பக்கூடாது. ஒவ்வொரு விளக்குக்கும் பம்ப்புக்கும் போக ஒன்று, வர ஒன்று. பம்ப் முடிச்சைத் தேங்கும் தண்ணீருக்கு மேலே, கை எட்டுகிற உயரத்தில் வையுங்கள். முறுக்கி டேப் சுற்றுவதை விட்டுவிட்டு, வயர் முனையில் லக் (நசுக்கிப் பொருத்தும் உலோகக் காது) அடித்து, சூடு காட்டினால் சுருங்கும் ஸ்லீவ் போடுங்கள்.

வயர் மிச்சம் என்று எழுதியிருக்கிறீர்கள். தகடு என்ன விலை என்று பட்டறையில் விசாரித்தீர்களா?

*

ஐயா, என் கணவர் படகு ஓட்டுகிறார். கரையில் விட்டால் பேட்டரியைத் திருடிவிடுகிறார்கள் என்று தினமும் சாயங்காலம் தோளில் சுமந்து வீட்டுக்குக் கொண்டு வருகிறார். ராத்திரி நாங்கள் படுக்கும் அறையிலேயே சார்ஜ் போடுகிறார். ஒரே அறைதான். அழுகின முட்டை மாதிரி நாற்றம் வருகிறது, குழந்தை இருமுகிறான். சொன்னால், "அதெல்லாம் ஒண்ணும் ஆகாது" என்கிறார். சாமி விளக்கும் அங்கேதான் எரிகிறது.
— குடும்பத் தலைவி, ஏரியூர்

அம்மா, நீங்கள் பயப்படுவது சரி. உங்கள் வீட்டுக்காரர் இதைப் படிக்க மாட்டார் என்றால் படித்துக் காட்டுங்கள். இன்று ராத்திரியிலிருந்தே அது வெளியே போக வேண்டும்.

சார்ஜ் நிறைந்த பிறகும் கரண்ட் ஏறிக்கொண்டே இருந்தால் பேட்டரிக்குள் இருக்கும் தண்ணீர் ஹைட்ரஜனாகவும் ஆக்ஸிஜனாகவும் பிரியும். ஹைட்ரஜனுக்கு வாசனை கிடையாது, நிறமும் கிடையாது. அறைக் காற்றில் நூற்றுக்கு நாலு பங்கு சேர்ந்தாலே தீப்பொறி பட்டால் வெடிக்கும். மேலே போய்க் கூரைக்கடியில் தங்கும். நீங்கள் சொல்லும் அழுகின முட்டை நாற்றம் வேறு. பேட்டரி சூடேறி அளவுக்கு மீறி வெந்துகொண்டிருக்கிறது என்பதற்கு அது அடையாளம். அந்த வாயு விஷம். இருமலுக்கு அதுவும் காரணம், கூடவே பறக்கும் ஆசிட் ஆவியும் காரணம்.

சார்ஜர் எப்படிப்பட்டது என்று எழுதவில்லை. பெரும்பாலும் ஒரு டிரான்ஸ்ஃபார்மரும் டயோடும் வைத்துக் கட்டிய தகரப் பெட்டியாக இருக்கும். அதற்கு நிறுத்தத் தெரியாது. ராத்திரி பத்து மணிக்குப் போட்டு விடிந்து எடுத்தால் 16 வோல்ட் வரை ஏற்றி வைத்திருக்கும். நிறைந்ததும் தானாகவே குறைத்துக்கொள்ளும் சார்ஜர் கடைகளில் கிடைக்கிறது. 80 ஏ.எச். பேட்டரிக்கு 8 ஆம்பியர் போதும், பத்தில் ஒரு பங்கு என்பது பழைய கணக்கு, இன்றும் பொருந்தும். திண்ணையில், மழை படாத இடத்தில் வைத்துப் போடச் சொல்லுங்கள். மூடி எல்லாம் திறந்தே இருந்தால்தான் காற்று போகும் என்று சில பேர் மூடியைக் கழற்றி வைப்பார்கள். இப்போது வரும் மூடியிலேயே துளை இருக்கிறது. அந்தத் துளை அடைபடாமல் இருந்தால் போதும்.

சார்ஜர் கிளிப்பைக் கழற்றும் முன் சுவிட்சை அணைக்க வேண்டும். இதை நான் எழுதக் காரணம் உண்டு. 1996-ல் அவசரத்தில் அணைக்காமல் கிளிப்பை இழுத்தேன். ஒரு பொறி. பேட்டரியின் மேல்பாகம் பட்டாசு மாதிரி பிளந்தது. முகமெல்லாம் ஆசிட். பக்கத்து டீக்கடை அண்ணன் யோசிக்காமல் பானைத் தண்ணீரை என் தலையில் கவிழ்த்தார். அதன்பிறகு குழாயடியில் கால் மணி நேரம் கண்ணைத் திறந்து வைத்துக் கழுவினேன். கண் தப்பியது அதனால்தான் என்று டாக்டர் சொன்னார். அன்றிலிருந்து என் கடையில் சார்ஜ் போடும் மேடைக்குப் பக்கத்தில் இரண்டு குடம் தண்ணீர் எப்போதும் இருக்கும். உங்கள் திண்ணையிலும் ஒன்று இருக்கட்டும்.

பேட்டரிக்கு ஊற்ற அந்தக் குடத்துத் தண்ணீர் ஆகாது. டிஸ்டில் வாட்டர் மட்டும்தான். நம் மாவட்டத்து போர் தண்ணீரில் ஃப்ளோரைடு அதிகம் என்றுதான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. நமக்கே ஆகாத தண்ணீர் பேட்டரிக்கு ஆகுமா? சார்ஜ் முடிந்த பிறகு அளவு வரைக்கும் ஊற்றுங்கள். முன்னாலேயே ஊற்றினால் பொங்கி வழியும்.

திருட்டுக்கு வழி, படகிலேயே இரும்புப் பெட்டி வெல்டிங் செய்து பூட்டுப் போடுவது. உள்ளே பலகையோ ரப்பரோ ஒட்ட வேண்டும், டெர்மினல் இரும்பில் படக்கூடாது. மேல்பக்கம், கவனியுங்கள், மேல்பக்கம் நாலைந்து துளை. ஹைட்ரஜன் மேலேதான் போகும் என்று சொன்னேன் அல்லவா? பட்டறைக்காரர்கள் அடியில் துளை போட்டுத் தருவார்கள். அது தண்ணீர் வடிய. இரண்டும் வேண்டும்.

பேட்டரி படகிலேயே தங்க வேண்டுமென்றால் டைனமோ வயரிங் சரியாக இருக்க வேண்டும். முதல் கடிதத்துக்கு எழுதியிருக்கும் பதிலையும் அவருக்குப் படித்துக் காட்டுங்கள். தினமும் வீட்டில் சார்ஜ் போட வேண்டியிருக்கிறது என்றாலே படகில் ஏதோ சரியில்லை என்றுதான் அர்த்தம்.

*

கே.ஆர்.பி. அணையில் மீன் பிடிக்கிறோம். ஃபைபர் படகு, 9.9 குதிரைத்திறன் பெட்ரோல் அவுட்போர்டு (படகின் பின்னால் வெளியே மாட்டும் இன்ஜின்), கயிறு இழுத்து ஸ்டார்ட் செய்வது. இன்ஜினிலிருந்து இரண்டு மஞ்சள் வயர் சும்மா தொங்குகிறது. அதில் எல்.இ.டி. விளக்கு மாட்டினோம், மின்னி மின்னி இரண்டே நாளில் போய்விட்டது. பேட்டரி வைத்து ராத்திரி முழுக்க விளக்கு எரிய வேண்டும். பேட்டரிக்கு பெட்ரோல் டாங்க் பக்கத்தில் இடம் இருக்கிறது. போதுமா?
— மீனவர், கிருஷ்ணகிரி

தம்பி, கடைசியிலிருந்து ஆரம்பிக்கிறேன். பெட்ரோல் டாங்க் பக்கம் மட்டும் வேண்டாம். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம், படகின் அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். பேட்டரி கிளிப் ஒரு தடவை பொறி தட்டினால் போதும். டாங்க் பின்னால் என்றால் பேட்டரி நடுப்பலகைக்கு அடியில் இருக்கட்டும். முதலைவாய் கிளிப் போட்டு மாட்டிக் கழற்றும் பழக்கமும் வேண்டாம், நட் போல்ட் வைத்த டெர்மினல் போடு.

மஞ்சள் வயரில் வருவது ஏ.சி. இன்ஜின் வேகத்துக்கு ஏற்ப வோல்ட் ஏறி இறங்கும். எல்.இ.டி. மின்னியதும் செத்ததும் அதனால்தான். அதை டி.சி. ஆக்கி அளவாகக் கொடுக்க ரெக்டிஃபையர் ரெகுலேட்டர் வேண்டும். பைக்கினுடையதை மாட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். சில இன்ஜினில் வேலை செய்யும், சிலவற்றில் காயில் (கரண்ட் தரும் கம்பிச் சுருள்) கருகும். மீட்டரில் பார்: மஞ்சள் வயருக்கும் இன்ஜின் உடம்புக்கும் தொடர்பு காட்டினால் காயிலின் ஒரு முனை எர்த் ஆகியிருக்கிறது. அதில் முழு பிரிட்ஜ் (நாலு டயோடு) வைத்த ரெகுலேட்டரைப் போட்டால் உள்ளுக்குள்ளேயே ஷார்ட். இன்ஜின் கம்பெனி தரும் ரெகுலேட்டர் விலை கூடத்தான், ஆனாலும் அதை வாங்குவதே நல்லது.

இப்போது ஒரு கசப்பான கணக்கு. 10 வாட் விளக்கு இரண்டு, எட்டு மணி நேரம் என்றால் 160 வாட் அவர். 12-ஆல் வகுத்தால் 13 ஏ.எச். சின்ன அவுட்போர்டின் காயில் முழு வேகத்தில் ஆறு ஆம்பியர் தந்தாலே பெரிது. நீ வலை போடும் இடத்துக்குப் போக எவ்வளவு நேரம் ஆகும்? பத்து நிமிஷம், வர பத்து நிமிஷம். ஏறுவது 2 ஏ.எச். செலவு 13, வரவு 2. நாலு நாளில் கடை சாத்த வேண்டியதுதான்.

அதனால் மஞ்சள் வயரை மறந்துவிடு என்பதே என் யோசனை. 35 ஏ.எச். பேட்டரி ஒன்று வாங்கு. 13 செலவானால் பாதிகூட ஆகாது, பேட்டரிக்கு அதுதான் ஆரோக்கியம். பகலில் படகு கரையில் சும்மாதானே கிடக்கிறது? 50 வாட் சோலார் தகடு ஒன்று போதும். நல்ல வெயிலில் மூன்று ஆம்பியர் வரை வரும், நாலைந்து மணி நேர வெயில் உன் ராத்திரிச் செலவை ஈடு கட்டும். கிருஷ்ணகிரியில் வெயிலுக்குப் பஞ்சமா? மாங்காயே அதில்தானே பழுக்கிறது.

சார்ஜை அளவாகக் கொடுக்கும் கன்ட்ரோலர் இல்லாமல் தகட்டை நேரே பேட்டரியில் மாட்டாதே. '12 வோல்ட்' என்று எழுதியிருந்தாலும் சும்மா இருக்கும்போது 21 வோல்ட் காட்டும், பேட்டரியை வேக வைத்துவிடும். மாட்டும்போது முதலில் பேட்டரியைக் கன்ட்ரோலரில் மாட்டு, பிறகு தகடு. கழற்றும்போது தகடு முதலில். பேட்டரி பாசிட்டிவிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் ஃபியூஸ் இருக்க வேண்டும். ஃபியூஸ் விளக்குக்குக் காவல் என்று நினைக்கிறார்கள். அது வயருக்குக் காவல். விளக்குப் பக்கம் வைத்தால் நடுவில் வயர் உரசி ஷார்ட் ஆகும்போது அது வேடிக்கை பார்த்துக்கொண்டிருக்கும்.

*

ஓசூரில் பேட்டரி ஸ்கூட்டர் தொழிற்சாலையில் வேலை. ஊரில் நண்பர்கள் சேர்ந்து ஒரு மோட்டார் படகு வாங்கியிருக்கிறோம். ஸ்டார்ட்டுக்கு ஒரு பேட்டரி, விளக்கு, பாட்டுக்கு ஒரு பேட்டரி. ஒரே டைனமோவில் இரண்டையும் சார்ஜ் செய்ய டயோடு ஐசொலேட்டர், திருப்பும் சுவிட்ச், ரிலே, எது நல்லது? இரண்டாவதை லித்தியம் ஆக்கலாமா?
— வாசகர், ஓசூர்

திருப்பும் சுவிட்ச் நல்ல பொருள், மனுஷன் மறதிக்காரன். 'இரண்டும்' என்ற இடத்தில் விட்டுவிட்டுப் பாட்டுக் கேட்டால் இரண்டு பேட்டரியும் சேர்ந்து படுக்கும். இன்ஜின் ஓடும்போது 'ஆஃப்' பக்கம் திருப்பினாலோ டைனமோ டயோடு போய்விடும். டயோடு வைத்து இரண்டு பேட்டரியையும் பிரித்து வைக்கும் ஐசொலேட்டரில் மறதிக்கு இடமில்லை, ஆனால் 0.7 வோல்ட்டைத் தின்றுவிடும். நாகமரை அண்ணன் வயரில் இழந்ததை நீங்கள் காசு கொடுத்து வாங்கி இழப்பீர்கள்.

என் ஓட்டு வோல்ட் பார்த்துத் தானாகவே இயங்கும் சுவிட்சான ரிலேவுக்கு. ஸ்டார்ட் பேட்டரி 13.3 வோல்ட் பக்கம் ஏறியதும் இரண்டையும் இணைக்கும், 12.8-க்கு இறங்கினால் பிரிக்கும். இன்ஜின் நின்றதும் தானே விலகிவிடுவதால் பாட்டு எவ்வளவு பாடினாலும் ஸ்டார்ட் பேட்டரி தப்பிக்கும். இரண்டு பேட்டரிக்கும் நடுவே போகும் வயருக்கு இரண்டு முனையிலும் ஃபியூஸ் போடுங்கள், இரண்டு முனையிலும் கரண்ட் ஊற்று இருக்கிறதே. தண்ணீர் இறைக்கும் பம்ப்பை மட்டும் மெயின் சுவிட்ச்சுக்கு முன்னாலேயே, தனி ஃபியூஸ் வைத்து, பேட்டரியிலிருந்து நேராக எடுங்கள். நீங்கள் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு வீட்டுக்குப் போன பிறகுதானே மழை வரும்.

லித்தியம் பற்றி உங்களுக்கு நான் சொல்வது கொல்லன் தெருவில் ஊசி விற்கிற கதை. இருந்தாலும் கேட்டதால் சொல்கிறேன். ஈய பேட்டரி நிறைய நிறைய 'போதும்' என்று சொல்லும். லித்தியம் கடைசி வரைக்கும் கொடுத்ததையெல்லாம் வாங்கும். சின்ன டைனமோ அதற்கு ஊட்டி ஊட்டியே சூடேறிக் கருகும். அதன் உள்ளிருக்கும் காவல் பலகை திடீரென்று துண்டித்தால் டைனமோவின் வோல்ட் துள்ளி டயோடு உடையும். அதனால் அந்த ரிலேவை வைத்து லித்தியத்தை நேரே இணைக்காதீர்கள். நடுவில் 20 ஆம்பியர் டி.சி. டு டி.சி. சார்ஜர் வேண்டும். அதோடு செலவைக் கூட்டிப் பார்த்துவிட்டு, பாட்டு அவ்வளவு அவசியமா என்று நண்பர்களிடம் கேளுங்கள்.

*

ஒகேனக்கல் பரிசலில் சின்ன எலக்ட்ரிக் மோட்டார் மாட்டினால் துடுப்பு வலிக்கும் வேலை மிச்சமாகுமே?
— வாசகர், பென்னாகரம்

அந்த மோட்டாரில் நடுத்தர அளவே முழு வேகத்தில் 50 ஆம்பியர் இழுக்கும். 100 ஏ.எச். பேட்டரியைக் கெடுக்காமல் ஓட்டினால் ஒரு மணி நேரம் கிடைக்கும். அந்த பேட்டரி 25 கிலோவுக்கு மேல். வட்டமான பரிசலில் ஓரத்தில் வைத்தால் சாயும், நடுவில் வைத்தால் ஆள் உட்கார இடமில்லை. மோட்டார் ஒரு பக்கம் தள்ளினால் பரிசல் தட்டாமாலை சுற்றும். பாறைக்கு நடுவில் துடுப்பால் ஒரு தட்டுத் தட்டித் திருப்புகிற பரிசல்காரரின் கைக்கு ஈடாக எந்த சுவிட்சும் இன்னும் வரவில்லை. தேங்கின தண்ணீரில் மீன் பிடிக்கும் பரிசல் என்றால் எழுதுங்கள், பேசலாம்.

*

பேட்டரியை சிமெண்ட் தரையில் வைத்தால் சார்ஜ் இறங்கிவிடுமா? கழற்றும்போது எந்த வயரை முதலில் கழற்ற வேண்டும்?
— வாசகர், காவேரிப்பட்டணம்

இறங்காது. அந்தக் காலத்து ரப்பர் பெட்டியில் ஈரம் ஏறிக் கசிவு வந்தது, அந்தப் பேச்சு இன்னும் நிற்கிறது. இப்போது எல்லாம் பிளாஸ்டிக். தரையில் வைத்தாலும் தலையில் வைத்தாலும் தானாக இறங்குகிற அளவு ஒன்றுதான். வெயிலில் வைத்தால் மட்டும் வேகமாக இறங்கும்.

கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது நெகட்டிவ் கடைசியில். ஸ்பேனர் இன்ஜினில் பட்டாலும் அப்போது ஒன்றும் ஆகாது. கையில் மோதிரம், வாட்ச் இருந்தால் முதலில் அவற்றைக் கழற்றுங்கள்.